அவர் ரத்தம் இல்லாத வயிறு

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது, செத்துப்போன என் தங்கையின் மகள். மூன்று வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தேன். ஐந்தும் ஆளாகி நிற்கின்றன. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அவரை நினைத்தால், பிசைந்த சோறு கையில் காயக் காய அவர் கேள்வி கேட்கிற கோலம்தான் முதலில் வரும். பகலெல்லாம் கரும்புத் தோட்டத்தில் வாய் திறக்க மாட்டார். பொழுது சாய்ந்து, எல்லோர் தட்டிலும் சோறு விழுந்த பிறகுதான் விசாரணை தொடங்கும். மாடு ஏன் அடுத்தவன் நிலத்தில் மேய்ந்தது, மார்க் ஏன் குறைந்தது, யாரோடு நின்று பேசினாய். அவர் அப்பாவும் அப்படித்தான் கேட்பாராம். பிள்ளைகள் அரையும் குறையுமாக விழுங்கிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடும். மாமனாருக்கும் அவருக்கும் அதே தொந்தரவுதான். வம்சத்து வயிறு என்று நானும் விட்டுவிட்டேன்.

தங்கை மகளுக்குக் கள்ளக்குறிச்சியில் டீச்சர் படிப்பு கிடைத்தது. சங்கராபுரம் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும். பாதி வழியில் இறங்கி, முன்பின் தெரியாத வீட்டில் கக்கூஸ் கேட்பாள். வலிக்கிறது என்ற போதெல்லாம் மருந்துக் கடையில் நானே சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஒரு வருஷம் அப்படியே ஓடியது. ஒரு நாள் மத்தியானமே திரும்பி வந்து பையைக் கீழே போட்டாள்.

"நான் இனிமே போவல பெரிம்மா. பஸ் சத்தம் கேட்டாலே வயிறு கலக்குது."

"அப்பா வயிறு உனக்கும் வந்துடுச்சா? அப்போ நெலத்துலயும் பங்கு கேப்ப போலக்குதே" என்றான் என் பெரியவன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சுருக்கென்றது. இவள் உடம்பில் அவர் ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லையே!

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா எல்லாச் சோதனையும் பார்த்துவிட்டு, குடலில் புண்ணோ கட்டியோ இல்லை என்றார். "வம்சத்துல வர்றதும் உண்டும்மா. ஆனா அது மட்டும் இல்ல. பயம், கோவம் எல்லாம் குடலுக்கும் தெரியும். அதுக்குள்ள கோடிக்கணக்குல நல்ல கிருமிங்க நமக்காக வேலை செய்யுதுங்க." நான் நீட்டிய மாத்திரை அட்டையைப் பார்த்தவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "கெட்ட கிருமியக் கொல்றேன்னு நல்லதையும் சேத்துக் கொன்னுட்டீங்களே." களைக்கொல்லி அடித்த நிலத்தில் மண்புழுவும்தானே சாகிறது. எனக்கு விளங்கியது. அந்தப் பயம் எந்தத் தட்டிலிருந்து வந்தது என்பதும் விளங்கியது.

அன்று சாயங்காலம் சோறு போட்டதும் வீட்டுக்காரர் முதல் கேள்வியை எடுத்தார். கரண்டியைக் குண்டானிலேயே வைத்துவிட்டேன்.

"ஏங்க, தட்டு முன்னால இனிமே விசாரண வேணாம். இன்னா கேக்கணுமோ, கை கழுவிக்கினு வந்து கேளுங்க."

"இன்னாடி, என் வூட்ல எனக்கே சட்டமா?"

"சோறு போடறது நான். சட்டமும் நான்தான் போடுவேன்."

தட்டைத் தள்ளிவிட்டுப் போனார். நாலு நாள் மாட்டுக் கொட்டகையில் தனியாகச் சாப்பிட்டார். ஐந்தாம் நாள் வந்து உட்கார்ந்தார். ரசம் மட்டும் கேட்டார்.

மாத்திரை நின்றது. டாக்டரம்மா சொன்னபடி காலையில் மோர் ஊற்றின கூழ். ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. மூன்று மாதம் நானும் கூடவே பஸ்ஸில் போய், கல்லூரி வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படித்து முடித்தாள். இன்று கல்வராயன் மலையில் டீச்சர்; அத்தனை வளைவிலும் பஸ்ஸிலேயே ஏறி இறங்குகிறாள். பெரியவனுக்கு மட்டும் வயிறு இன்னும் படுத்துகிறது. அது அவர் கொடுத்தது; அதில் என் சட்டம் செல்லாது.

எனக்குக் கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் எழுத்து. சொல்லச் சொல்ல எழுதுகிறவள் பேத்தி. மாத்திரை வாங்கிய இடத்தை எழுதாமல் தாண்டி வந்துவிட்டு இப்போது பேனாவைக் கடிக்கிறாள்.

"ஆயா, நீ வாங்கிக் குடுத்தத மட்டும் நான் எழுதல. படிக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

"நெனச்சிக்கினு போறாங்க. தாத்தாவ மட்டும் குத்தம் சொன்னா அது நாயமாடி? எழுது. எழுதிட்டியா? எங்க, அந்த எடத்த மொதல்ல படிச்சிக் காட்டு."