அமாவாசைக்கு வரும் அந்துப்பூச்சிகள்

ஷார்ஜா பக்கம் ஆப்பிரிக்கப் புல்வெளி போலவே முள்மரமெல்லாம் வளர்த்து ஒரு பூங்கா வைத்திருக்கிறார்கள். ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை எல்லாம் உண்டு. எனக்கு வாய்த்தது அந்துப்பூச்சி. எட்டாம் வகுப்பே என்னைத் தாங்கவில்லை. ஆனாலும் ஆராய்ச்சியில் இருந்தேன், வாளி தூக்கியாக.

வாளிக்கு மேல் விளக்கு, உள்ளே முட்டை அட்டைகள். வெளிச்சத்துக்கு வரும் பூச்சி உள்ளே விழுந்து அட்டைக் குழியில் ஒண்டிக்கொள்ளும். காலையில் ஆராய்ச்சி மேடம் எந்த இடத்தில் எந்தப் பூச்சி என்று பதிந்துகொண்டு பறக்க விடுவார். புல்வெளி, முள்மரம், குட்டை ஓரம் என எல்லா இடத்திலும் ஒரே இரவில் வைக்க வேண்டும். நிலா இருந்தால் சரியாக வராது என்பதால் அமாவாசையை ஒட்டித்தான் வேலை.

அது கடைசிச் சுற்று. முடிந்தால் எனக்கு லீவு. ஊரில் மகளுக்குக் காதுகுத்து நாள் குறித்தாயிற்று. எரியும் கண்ணோடு முதல் வாளியைத் திறந்தேன். எல்லாம் செத்துக் கிடந்தன. அடுத்ததிலும் அப்படியே.

மேடம் அட்டையை முகர்ந்தார். "இதுல என்னண்ணா ஸ்மெல்?"

எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் வெள்ளிக்கிழமைதோறும் கட்டிலுக்கு அடிக்கும் மூட்டைப்பூச்சி மருந்தின் வாடை. ரூமுக்குப் போன் போட்டேன்.

"ஆமா மாப்ள," என்றான் பக்கத்துக் கட்டில்காரன். "ஒன் கட்டிலுக்கடியில அட்டை கெடந்துச்சு. மூட்டைப்பூச்சிக்கு அதான மாளிகை? நல்லா அடிச்சுவிட்டேன். இப்ப கடியில்லல்ல?"

"கடிக்க ஒண்ணும் உசுரோட இல்லடா."

மேடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இந்த நைட்டை சேத்துக்க முடியாதுண்ணா. அடுத்த அமாவாசைக்கு எல்லாத்தையும் திரும்ப வைக்கணும். உங்க லீவு..."

"லீவு மாஃபி மேடம்," என்று அரபியில் கைவிரித்துச் சிரித்தேன். எனக்காக அவரே சூப்பர்வைசரிடம் பேசிப் பார்த்தார். சர்வே முடியாமல் ஆள் போகக்கூடாது என்று பதில் வந்தது.

மனைவியைக் கூப்பிட்டு, பூச்சி செத்ததால் வர முடியவில்லை என்றேன்.

"போன தடவ ஒங்க மொதலாளி கஃபீல் பாஸ்போர்ட்டு தரலன்னீங்க. இப்ப பூச்சியா?"

"நெசமாத்தான்டி."

"நாள மாத்த முடியாது. எங்கண்ணன் மடியில வச்சுத்தான் குத்தப்போறோம். நீங்க வந்தாலும் ஓரமாத்தான நிப்பீங்க."

"அந்த ஓரத்துக்குத்தான் லீவு கேட்டேன்."

"வீடியோ கால் போடுறேன். கத்துவா. பாத்துக்கிட்டு இருப்பீங்களா?" என்றாள்.

"அழுது முடிக்கிற வரைக்கும் கட் பண்ணாத," என்றேன்.