தைத்தவரே செக்கிங் பார்க்கலாமா?

தொண்ணூறுகளின் கடைசியில், வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில், கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்களின் மெயில், அடுத்த சீசன் டிசைன் எல்லாம் ஒரே சர்வரில் இருந்தன. அந்த டிசைன்கள் இன்னொரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆபீஸில் எல்லாக் கண்ணும் என் மேல் திரும்பியது. சாவி வைத்திருப்பவள்தானே திருடி!

தேடிப் பார்த்தேன். சர்வருக்குள் யாரோ புகுந்திருந்தார்கள். வெளியிலிருந்து எந்த இணைப்பை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது என்று அதே சர்வரில் இருந்த ஃபயர்வாலில் நான் எழுதி வைத்திருந்த விதிகளில் ஒன்று காணாமல் போயிருந்தது. திரும்ப எழுதினேன். மறுநாள் காலை மறுபடி இல்லை. பாஸ்வேர்டை மாற்றினேன். அப்படியும் விதி காணாமல் போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சர்வரை விற்றவர் கோயம்புத்தூர்க்காரர். கூப்பிட்டால் நேரில் வந்து பார்ப்பார். வெளியிலிருந்து அதற்குள் நுழைய அவருக்கு அனுமதி கிடையாது. முதலாளி கூப்பிட, அவர் வந்தார், டீ குடித்தார், பொண்ணுக்கு விதி எழுதத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு ஆள் பார்க்கலாம் என்று முதலாளி மேனேஜரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. வேலை போனால் மயிரே போச்சு. ஆனால் திருடி என்ற பேரோடு இந்த ஊரில் எந்தக் கம்பெனிப் படியை மிதிப்பது?

நேராக முதலாளி அறைக்குப் போனேன். சர்வரை நிறுத்திவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றேன். ஷிப்மெண்ட் நேரத்தில் ஆகாது என்றார். அப்படியானால் இன்டர்நெட் லைனுக்கும் சர்வருக்கும் நடுவில் இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும், விதிகள் அதில்தான் இருக்கும் என்றேன். இருக்கிற சர்வரிலேயே இன்னும் கெட்டியாகப் பூட்டினால் என்ன என்று கேட்டார்.

"ஏனுங்க, தச்ச டெய்லரையே அவரு பீஸுக்குச் செக்கிங் உக்கார வெப்பீங்களா? அந்தச் சர்வர் இப்ப திருடன் கையில இருக்குதுங்க. அதுக்குள்ள நான் எந்தப் பூட்டுப் போட்டாலும் அவனே தொறந்துக்குவான்."

அவர் டெய்லராக இருந்து முதலாளியானவர். ஸ்டோர் ரூமில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் போட்டேன். விதிகள் மொத்தமும் ஒரு ஃபிளாப்பியில். ஃபிளாப்பியின் மூலையில் இருக்கும் குட்டிப் பிளாஸ்டிக் துண்டை நகர்த்திவிட்டால், எப்பேர்ப்பட்ட கில்லாடியாலும் அதில் எழுத முடியாது. மெயிலைத் தவிர எதுவும் அந்தக் கம்ப்யூட்டரைத் தாண்டிப் போகாது, வராது. விதியை மாற்றுகிறவர் அதன் முன்னால் உட்கார்ந்துதான் மாற்ற வேண்டும். லைனை அதன் வழியாகக் கொண்டுபோய் சர்வரில் சொருகினேன். முதலாளியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

மறுநாள் நான் முதலாளி அறையில் நின்றிருந்தபோது போன் வந்தது. சர்வர் விற்றவர்தான். முதலாளி ஸ்பீக்கரைப் போட்டார்.

"உங்க சர்வருக்கு லைனே கெடைக்க மாட்டேங்குதுங்களே. அந்தப் பொண்ணு ஏதாச்சும் மாத்திருச்சுங்களா?"

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார்.

"மெயிலெல்லாம் நல்லாத்தான் போகுதுங்க. லைன் கெடைக்கலைன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

நான் குனிந்து ஸ்பீக்கரிடம் சொன்னேன்.

"மாத்துனது நாந்தானுங்க. உங்களுக்கு மட்டுந்தான் கெடைக்காது."