கச்சான் கொட்டிலில் வாசித்த மிருகக் கதை

வலது பெருவிரலில் நகச்சுத்து வந்ததால்தான் நான் அந்தப் புத்தகத்தைக் கொட்டிலில் வாசிக்க வேண்டி வந்தது. இல்லாவிட்டால் மற்றவர்களைப் போல நானும் குனிந்த தலை நிமிராமல் கச்சான் உடைத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து சனம் முழுவதும் வெளிக்கிட்டதற்கு அடுத்த வருடம் அது. அப்பாவும் நானும் கிளாலிக் கடலைத் தாண்டி வந்து கிளிநொச்சியில் கொஞ்சக் காலம் இருந்தோம். பிறகு அங்கேயும் இருக்க முடியாமல் முத்தையன்கட்டுக்குப் போனோம். குளத்துக்குக் கீழே காணி கொடுத்த காலத்திலேயே அங்கே குடியேறிய ஒருவர் அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம். நான் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட்டேன். வயலில் நெல்லும் மேட்டில் கச்சான் கடலையும் செய்தார். தன் வளவின் மூலையில் எங்களுக்கு ஒரு குடிசை போட்டுத் தந்தார்.

மாரி தொடங்கியதும் அப்பாவுக்கு மலேரியா வந்தது. மாறியது. திரும்பவும் வந்தது. அந்த முறை மருந்து கிடைக்கவில்லை. அப்பா செத்துப்போனார்.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் நான் அழவில்லை என்று கதைத்தார்கள். அழக்கூடாது என்று நான் நினைத்திருக்கவில்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் கன நாளாக ஒன்றும் வரவில்லை. பசி வரும், நித்திரை வரும். வேறொன்றும் வராது.

காலையில் மரத்தடியில் நடந்த பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் படிப்பித்தேன். பின்னேரத்தில் பெரியப்பாவின் கொட்டிலுக்கு விதைக்கச்சான் உடைக்கப் போவேன். விதைக்கு வைக்கிற கச்சானைக் கையால்தான் உடைக்க வேண்டும். பருப்பின் தோல் கொஞ்சம் உரிந்தாலும் முளைக்காது. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நுனியை அமத்தினால் கோது இரண்டாகப் பிளக்கும். அப்படி அமத்தி அமத்தித்தான் எனக்கு விரல் பழுத்தது.

கொட்டிலுக்கு நிரந்தரமாக வந்தவர்கள் ஒரு தாயும் மகளும். தாயை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே வன்னிக்கு வந்தவர். பேச்சு மலைநாட்டுப் பேச்சாகவே இருந்தது. புருசன் இல்லை. பெரியப்பாவின் காணியில்தான் அவர்களும் குடிசை போட்டிருந்தார்கள். மகள் வன்னியில் பிறந்தவள், எங்களைப் போலவே கதைப்பாள். பதினேழு வயதிருக்கும். நிவாரணத்துக்குக் கொடுத்த நீலத் தறப்பாளின் ஓரத்தைக் கீலமாகக் கிழித்து ரிபன் கட்டியிருப்பாள்.

"சும்மா குந்தியிருக்கிறதுக்கு ஏதாச்சும் படிங்க தங்கச்சி," என்றார் அக்கா, என் விரலில் சுற்றியிருந்த சீலையைப் பார்த்து. "ஒங்க பங்கையும் நாங்க ஒடைச்சிடுறோம்."

அப்பாவின் பையில் ஒரு புத்தகம் கிடந்தது. அட்டையும் முன்பக்கத் தாள்களும் போய்விட்டன. அதனால் அதன் பெயர் எங்கள் ஒருவருக்கும் தெரியாது. வேற்று நாட்டுக் கதை, தமிழில் போட்டிருந்தார்கள். ஒரு தோட்டத்து மிருகங்கள் எல்லாம் சேர்ந்து எசமானைத் துரத்திவிட்டுத் தாங்களே ஆளத் தொடங்குகின்றன. பன்றிகள் தலைமைக்கு வருகின்றன. பிறகு மெல்ல மெல்லப் பழைய காலமே திரும்பி வருகிறது. பை முழுவதும் உடுப்பும் பத்திரங்களுமாக இருந்தபோது இதை அப்பா ஏன் எடுத்து வைத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்க நினைத்தபோது அவர் இல்லை.

ஒவ்வொரு பின்னேரமும் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தேன். பெரியப்பாவும் வந்து கூரை தாங்கும் கப்பில் சாய்ந்துகொண்டு நிற்பார். தொடக்கத்திலேயே அவருக்குக் கதை பிடிக்கவில்லை.

"எசமான் குடிகாரன். ஓம். எண்டாலும் காணி அவன்ரதானே?" என்றார்.

"அவர் சாப்பாடு போடேல்லையே ஐயா," என்றாள் மகள்.

"போடாதது பிழைதான். அதுக்காகக் கலைக்கிறதோ? சரி, கலைச்சாச்சு. அடுத்த போகத்துக்கு விதை எங்கயிருந்து எடுத்தவையாம்? பண்டி விதை வைக்குமே? கிண்டித் திண்டுபோட்டுப் போயிடும். உந்தக் கதையை எழுதினவன் ஒரு நாளும் மண்வெட்டி பிடிச்சிருக்க மாட்டான்."

மகள் குனிந்து சிரித்தாள். அவள் கச்சானை வாயில் போட்டதைப் பெரியப்பா கண்டும் காணாதது போல நின்றார்.

அக்கா பல நாள் ஒன்றும் சொல்லவில்லை. பன்றிகள் எசமானின் வீட்டுக்குள்ளே குடிபோகிற இடத்தை வாசித்த அன்றுதான் கையை நிறுத்தினார்.

"எங்க தோட்டத்திலயும் இப்பிடித்தாங்க," என்றார். "வெள்ளக்காரத் தொர போனாரு. இனிமே தோட்டம் நம்மளதுன்னு சொன்னாங்க. கொடி கட்டி மிட்டாய் குடுத்தாங்க. பொறகு நம்ம நாட்டுத் தொர அதே பங்களாவுக்கு வந்தாரு. அதுக்குப் பொறகுதான் பட்டினி. எங்கம்மா அதுலதான் செத்தாங்க. நாங்க ரயிலேறி வவுனியாவுக்கு வந்தோம்."

"அப்ப கதை சரிதானோ அக்கா?" என்று கேட்டேன்.

"சரியென்ன, பெழையென்ன. நடந்தத எழுதியிருக்காரு. மிருகமா எழுதுனா அடிக்க மாட்டாங்கன்னு நெனைச்சிருப்பாரு."

சொல்லிவிட்டு றோட்டுப் பக்கம் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். ஒருவரும் இல்லை. ஆனாலும் அன்று நான் மேற்கொண்டு வாசிக்கவில்லை. பெரியப்பா மாடு கட்டப் போய்விட்டார்.

மகளுக்குப் பிடித்தது வேறொரு இடம். கதையில் ஒரு பெண்குதிரை வருகிறது. அதற்கு ரிபனும் சீனியும்தான் பெரிது. மற்ற மிருகங்கள் கஷ்டப்படும்போது அது தோட்டத்தை விட்டு ஓடிப்போய் வேறொரு எசமானிடம் சேர்ந்துவிடுகிறது. எழுதியவர் அதைக் கொஞ்சம் பழித்துத்தான் எழுதியிருந்தார்.

"ஏன் ரீச்சர் அதைப் பழிச்சுப் பேசுகினம்?" என்றாள் அவள். "அதுக்கு ரிபன் விருப்பம். விருப்பமான இடத்துக்குப் போச்சு. கெட்டித்தனமான குதிரை."

"எல்லாரும் அப்பிடி ஓடினா?"

"எல்லாருக்கும் ரிபன் விருப்பமில்லையே."

எங்கள் பகுதி அப்போது இயக்கத்தின் கையில் இருந்தது. அதன் அரசியல் வேலைகளைப் பார்க்கும் ஒருவர் வந்துபோவார். சின்ன வயதுதான், என்னைவிட இளையவராக இருக்கலாம். ஒரு கால் செயற்கைக் கால். அந்தக் காலை நீட்டி வைத்துக்கொண்டே சைக்கிள் ஓடுவார். பங்கர் வெட்ட ஆட்கள் கேட்டு ஒரு பின்னேரம் கொட்டிலுக்கு வந்தார். நான் வாசிப்பை நிறுத்தினேன்.

"என்ன ரீச்சர், நான் வந்தா நிப்பாட்டுறியள்?"

"மிருகக் கதை தம்பி. சின்னப்பிள்ளையளின்ர."

"நானும் ஒருக்கா வாசிச்சுப் பாக்கிறனே."

கையை நீட்டினார். கொடுத்தேன். அவர் போனபிறகு பெரியப்பா என்னிடம் வந்து மெல்லிய குரலில், "உனக்கு உது தேவையோ பிள்ளை?" என்றார். முகம் வெளிறியிருந்தது. எனக்குப் பயம் வரவில்லை. வர வேண்டிய இடம் இது என்று தெரிந்தது, ஆனால் வரவில்லை. விரலைச் சுடுதண்ணீருக்குள் வைத்துக்கொண்டு இருந்தேன்.

அந்த இயக்கக்காரர் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தபோது என் விரல் ஆறியிருந்தது.

"வாசிச்சுப்போட்டன்," என்றார். "அந்தப் பாரம் இழுத்த ஆண்குதிரை பாவம் என்ன? அப்பிடியொரு உழைப்பு. அதைப் பற்றி இன்னும் எழுதியிருக்கலாம்."

"முடிவு?"

"முடிவு சரியில்லை ரீச்சர். எழுதினவர் களைச்சுப்போனார் போல கிடக்கு. களைச்ச ஆக்கள் அப்பிடித்தான் எழுதுவினம்."

சைக்கிளில் ஏறி, காலைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் பார்த்தார். "உந்தப் புத்தகத்தைக் கனபேருக்கு வாசிக்காதேங்கோ."

அது கட்டளையா, என்மேலுள்ள அக்கறையா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியாது. முகத்தில் கோபம் இல்லை. பிறகு அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். நான் வாசிப்பதை விட்டுவிட்டேன். விரலும் சுகமாகிவிட்டது, நானும் கச்சான் உடைத்தேன். கதையின் முடிவை அக்காவும் மகளும் அப்போது கேட்கவேயில்லை.

மகள் போனது வைகாசியில். அன்று பின்னேரம் மேலதிக வகுப்பு இருக்கிறது என்று வெளிக்கிட்டவள் வரவில்லை. பொழுதுபட அவளோடு படிக்கும் பிள்ளை ஒருத்தி புத்தகப் பையைக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்துவிட்டு நின்றாள். அவளாகவே போய் இயக்கத்தில் சேர்ந்தாள் என்றாள். அக்கா பையை வாங்கி உள்ளே வைத்தார். பெரியப்பாதான் வளவுக்குள்ளே அங்கும் இங்கும் நடந்தார்.

மறுநாளும் அக்கா கொட்டிலுக்கு வந்தார். கன நேரம் உடைத்தபிறகு என்னைக் கேட்டார்.

"தங்கச்சி, அந்தக் கதையில நாய்க்குட்டிங்களப் பிரிச்சுக் கொண்டுபோவாங்களே. பெரிய பன்னி தனியா வச்சு வளக்குமே."

"ஓம் அக்கா."

"அந்த எடத்தப் படிங்க."

குடிசைக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து அந்தப் பக்கத்தை மட்டும் வாசித்தேன். பால்குடி மறந்த குட்டிகளைத் தாய்களிடமிருந்து பெரிய பன்றி எடுத்துப் போகிறது. பிறகு அந்தக் குட்டிகள் பெரிய காவல்நாய்களாக வருகின்றன.

"தாய் நாய்ங்க என்ன செஞ்சிச்சாம்?"

நான் முன்னும் பின்னும் தாள்களைத் தட்டினேன். குட்டிகள் வந்தன, பன்றிகள் வந்தன. தாய்களைப் பற்றி வேறொன்றும் என் கண்ணில் படவில்லை.

"எழுதேல்லை அக்கா."

"ஒண்ணுமே இல்லியா?"

"இல்லை."

"சரி," என்றார். கச்சான் போட்ட ஓலைக் கடகத்தை இழுத்து வைத்துக்கொண்டு திரும்பவும் உடைக்கத் தொடங்கினார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நானும் உடைத்தேன்.

அவள் ஒரு முறை விடுப்பில் வந்தாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். வந்தவள் பெரும்பாலும் படுத்தே கிடந்தாள். அக்கா தேங்காய் ரொட்டி சுட்டுக் கொடுத்துக்கொண்டேயிருந்தார். திரும்பிப் போகிற அன்று என்னிடம் வந்து, "மிச்சக் கதை என்ன ரீச்சர்?" என்றாள். சுருக்கமாகச் சொன்னேன்.

"அந்தத் தோட்டத்தில ஒருத்தரும் சிரிக்கேல்லை, கவனிச்சனீங்களோ?" என்றாள்.

நான் கவனித்திருக்கவில்லை.

பிறகு ஒட்டுசுட்டான் பக்கம் ஆமியின் செல் விழத் தொடங்கியது. நாங்கள் எல்லோரும் புதுக்குடியிருப்புக்குப் போனோம். கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது என் குடிசையில் கூரை இல்லை. புத்தகத்தைக் கறையான் தின்றிருந்தது. மண்ணோடு சேர்த்து அள்ளி வெளியே கொட்டினேன். சட்டிபானை ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அப்போது பெரிதாக இருந்தது.

அந்தக் கதை பற்றி என்ன நினைக்கிறாய் என்று பின்னர் சிலர் கேட்டிருக்கிறார்கள், இப்போது நான் இருக்கிற இடத்தில். படித்தவர்கள், நிறைய வாசிக்கிறவர்கள். யாரை மனதில் வைத்து எழுதினார் என்று வாதாடுவார்கள். எனக்குக் கொட்டிலில் மற்றவர்கள் சொன்னதுதான் ஞாபகம் வரும். என்னுடையது என்று ஒரு கருத்து இதுவரை உண்டாகவில்லை.

பளைப் பக்கம் சண்டை நடந்த காலத்தில் அக்காவின் மகள் செத்துப்போனாள். பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள், திறக்க விடவில்லை. புதிதாக வந்திருந்த அரசியல் பொறுப்பாளர் பேசினார். நல்ல பேச்சு என்று சனம் சொன்னது. அவர் பேசி முடித்ததும் அக்கா எழும்பி, "எல்லாரும் தேத்தண்ணி குடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். குடிக்காதவர்களைத் தேடித் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் குசினியில் நின்று கிண்ணம் கழுவினேன்.

அந்தப் போகத்துக்கும் விதைக்கச்சான் உடைக்க வேண்டியிருந்தது. அக்கா வந்தார். கொட்டில் மிகவும் அமைதியாக இருந்ததோ என்னவோ, பெரியப்பா தன் றேடியோவைக் கொண்டுவந்தார். பற்றரி கிடைக்காத காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவை ஓடவைப்பார்கள். பெரியப்பாவே குந்தியிருந்து சுற்றினார். செய்தி போனது. வாசித்துக்கொண்டு போனவர் பளை என்று சொன்னார். பெரியப்பாவின் கை நின்றது. குரலும் இழுபட்டு நின்றுபோனது.

அக்கா நிமிரவில்லை. "சுத்துங்க ஐயா," என்றார். "கேப்போம்."

பெரியப்பா திரும்பவும் சுற்றத் தொடங்கினார். செய்தி முடிந்து காலநிலை அறிக்கையும் முடியும்வரை நாங்கள் உடைத்துக்கொண்டிருந்தோம்.