தவிட்டுக்கு விற்றவளின் சத்தியம்

எனக்கு விசா கிடைக்காமல் போகப் பார்த்ததற்குக் காரணம் ஒரு முறம் தவிடு. சொன்னால் சிரிப்பீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றும் முழுசாக வருவதில்லை.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் நடத்திக்கொண்டிருந்தேன். லீவு விட்டால் போதும், சுத்தியலும் சாக்குப்பையுமாக அரியலூர்ப் பக்கத்து ஓடைகளில் இறங்கிவிடுவேன். அங்கே கரையைக் கொத்தினால் கல்லாகிப்போன சிப்பியும் நத்தையும் கிடைக்கும். ஒரு காலத்தில் கடல் கிடந்த இடம். மாடு மேய்ப்பவர்கள் என்னைக் கிறுக்கன் என்றே முடிவு கட்டியிருந்தார்கள். அந்தச் சிப்பிகளைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைப் பார்த்துவிட்டு, ஆறு மாதம் இங்கே வந்து எங்களிடம் இருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. செப்டம்பருக்குள் வந்து சேராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்றும் அதில் இருந்தது. அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மதராஸில் விசா கொடுக்கும் ஆபீஸில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். பாஸ்போர்ட், அழைப்புக் கடிதம், திரும்பி வந்ததும் இவரை வேலையில் சேர்த்துக்கொள்வோம் என்று கல்லூரி எழுதித் தருவது, போலீஸ் சர்ட்டிபிகேட், பிறப்புப் பதிவின் நகல். எல்லாவற்றையும் நாயாய் அலைந்து வாங்கிவிட்டேன். கடைசியாக வந்த பிறப்பு நகலை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அங்கிருந்த குமாஸ்தாதான் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"பாஸ்போர்ட்ல ஒரு அப்பா, இதுல வேற அப்பா இருக்காரே சார்" என்றார். "அம்மா பேரும் வேறயா இருக்கு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு முன்னால் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் தொட்டிலிலேயே போய்விட்டன. அப்படிப் பறிகொடுத்த வீட்டில் அடுத்துப் பிறக்கும் குழந்தையை அடுத்த வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். அது இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை என்று ஆகிவிட்டால் எமன் தேடி வர மாட்டானாம். வளர்ப்பதெல்லாம் பெற்றவள்தான், சொந்தம் கொண்டாடக் கூடாது, அவ்வளவுதான். என்னையும் ஒரு முறம் தவிட்டுக்கு விற்றார்கள். விலைக்கு வாங்கிய அடுத்த வீட்டுக்காரியை நான் அம்மா என்பேன். பெற்றவளைச் சின்னம்மா என்பேன். அவள் ஒரு நாளும் என்னை மகன் என்றதில்லை. தம்பி என்பாள், யாராவது கேட்டால் பக்கத்து வூட்டுப் புள்ள என்பாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எமனை ஏமாற்றுவதில் குறை வைக்கக் கூடாது என்று என் அப்பா கிராம முன்சீப்பிடம் போய், பிறப்புப் பதிவிலேயே அடுத்த வீட்டுக்காரர் பிள்ளை என்று எழுதிவைத்துவிட்டு வந்தது எனக்குத் தெரியாது. அவரைக் கேட்கலாமென்றால் அவர் போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாகிவிட்டது.

"பெத்த தாயார் இருக்காங்க இல்ல? தாசில்தார் முன்னால வந்து, இது என் மகன்தான்னு சத்தியம் பண்ணிச் சொல்லட்டும். அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது" என்றார் குமாஸ்தா. "ரொம்பச் சுலபம் சார்."

சுலபமாம். எங்கள் ஊர் குரும்பலூருக்கு வந்து, பெற்ற அம்மாவிடம் சொன்னேன். புளி கரைத்துக்கொண்டிருந்தவள் கையை எடுக்கவே இல்லை.

"வித்தாச்சு தம்பி. வித்ததை என்னுதுன்னு எப்புடிச் சொல்றது?"

"சின்னம்மா, இது சர்க்கார் காரியம். ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"அந்த ஒரு வார்த்தைதான் முடியாது. வேற எது வேணா கேளு."

மூன்று நாள் கெஞ்சினேன், விளக்கினேன். கோடி வருஷத்துச் சிப்பியை எல்லாம் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், அசைந்து கொடுக்கவில்லை. நான்காம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கு முன்கோபம் உண்டு, ஊரறிந்த விஷயம்.

"முப்பது வருசமா என்னைத் தாயில்லாப் புள்ளையா வச்சிருந்தியே, அதுக்கு நாலாவதா நானும் போய்ச் சேர்ந்திருக்கலாம்" என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் முகம் செத்துவிட்டது. எழுந்து உள்ளே போனாள். மறுநாள் விடிந்ததும் தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "பெரம்பலூருக்கு எப்ப வண்டி கட்டணும்?" என்று கேட்டாள்.

தாலுகா ஆபீஸில் தாசில்தார் மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை. "இந்தப் புள்ளைய மொதல்ல வெளிய அனுப்புங்க" என்றாள். நான் வெளியே போய்ப் புளியமரத்தடியில் மனுக் கொடுக்க வந்தவர்களோடு நின்றேன். அரை மணி நேரம் கழித்து, மையேறிய கட்டைவிரலைச் சுவரில் தேய்த்துக்கொண்டே வந்தாள். என்னைப் பார்க்காமல் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

காகிதத்தை என்னிடம் கொடுத்த தாசில்தார், "சத்தமாச் சொல்ல மாட்டேன்னுட்டாங்க சார். எங்கிட்ட வந்து காதோட காதாத்தான் சொன்னாங்க" என்றார். அதில், மேற்படி நபர் என் வயிற்றில் பிறந்த என் சொந்த மகன் என்று எழுதியிருந்தது. அதைப் படித்தபோது, இவ்வளவு ஆசைப்பட்ட காகிதத்தை வாங்கிய சந்தோஷம் எனக்குக் கொஞ்சமும் இல்லை.

ஊர் திரும்பியதும் அவள் நேராக அடுத்த வீட்டுக்குப் போய், "மறுபடியும் வாங்கிக்க" என்றாள். கால்சட்டையும் பூட்ஸுமாக நான் வாசலில் நின்றேன். அடுத்த வீட்டம்மா முறத்தில் தவிட்டை அள்ளி வந்து, "அப்ப கைக்குழந்தை, குடுத்தது சரி. இந்தக் கழுதைக்கு இம்புட்டு எதுக்கு?" என்று கேலி செய்தாள். அம்மா சிரிக்கவில்லை. தவிட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய் மாட்டுக்கு வைத்தாள். நான் புறப்பட்ட அன்று அரியலூர் ரயிலடிக்கு அடுத்த வீட்டம்மாதான் வந்தாள்.

விசாவும் கிடைத்தது, கப்பலும் கிடைத்தது. போன மூன்றாம் மாதம் டைபாய்டு வந்து படுத்தேன். ஆறு வாரம் ஆஸ்பத்திரி. ஒரு நாள் டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று பின்னால் நர்ஸ் சொன்னாள். சிப்பிப் பெட்டிகளில் பாதியை நான் திறக்கவே இல்லை. ஜுரத்தில் எனக்கு வேறு நினைப்பே இல்லை, அவள் தாசில்தார் காதில் சொன்னதைத் தவிர. வெட்கக்கேடுதான், ஆனால் நிஜம். ஊருக்குச் சௌக்கியம் என்றே எழுதினேன்.

திரும்பி வந்தபோது அம்மா என் மணிக்கட்டை விரலால் வளைத்து அளந்தாள்.

"ஒடம்புக்கு ஏதாச்சும் வந்துச்சா?"

"ஒண்ணும் வரலை."

"நெசமா?"

"நெசமாத்தான். அங்க சாப்பாடு ஒத்துக்கலை, அதான் எளைச்சிட்டேன்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் சொன்னது உன்னை ஒண்ணும் பண்ணலை" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, எட்டு மாத அழுகையையும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.

"மவனே, சாப்புட வா."

என் ஆயுசுக்கும் கேட்காத சொல். ஒரு பொய்யைச் சொல்லி அதை வாங்கியிருந்தேன். அம்மா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. கோடி வருஷத்துக் கல்லைப் பேசுகிற எனக்கு, அந்த நேரத்தில் குலை நடுங்கியது.

"இதோ வரேன், சின்னம்மா" என்றேன்.