கால்வாய் ஊரில் கழற்றிவிட்ட சப்பாத்து

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் பார்க்டேல் பக்கம் ஒரு அப்பாட்மென்ரில் நாங்கள் இருந்த காலம். கனடியக் குடியுரிமை கிடைத்து, புதுக் கடவுச்சீட்டுகள் கைக்கு வந்த அந்த இலையுதிர் காலத்தில், நானும் கணவரும் சீனாவுக்குச் சுற்றுலாப் போனோம். சிரிக்காதீர்கள். சொந்தக்காரர் எல்லாரும் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

"முதல் பாஸ்போட் கிடைச்சா எல்லாரும் இந்தியாவுக்குக் கோயில் பார்க்கப் போவினம். உங்களுக்கு என்ன சீனா?" என்று அக்கா கேட்டா.

"தெரிஞ்ச சனம் ஒருத்தரும் இல்லாத நாட்டுக்கு ஒருக்காச் சும்மா போய், சும்மா பார்த்திட்டு வரவேணும்" என்றார் இவர்.

அந்தச் 'சும்மா'வில் அவருக்கு ஓர் ஏக்கம் இருந்தது. சண்டைக்குத் தப்பி ஊரை விட்டு வெளிக்கிட்ட நாள்தொட்டு இவர் எந்த நாட்டுக்குள்ளும் சும்மா போனதில்லை. ஏஜென்சிக்காரன் இறக்கிவிட்ட இடங்களில் இறங்கி, பூட்டிய அறைகளில் ஒளிந்து, பயந்து பயந்து கனடா வந்து சேர்ந்தவர். ரொறன்ரோவுக்குப் பக்கத்து மிசிசாகாவில் அவரோடு வேலைசெய்த சீன நண்பர் ஒருவர் தன் ஊர்ப் பக்கத்துக் கால்வாய்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லி ஆசையைக் கிளப்பிவிட்டார். பிள்ளைகள் இருவரையும் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, ஒரு சுற்றுலாக் குழுவோடு புறப்பட்டோம்.

கடவுச்சீட்டுகளை வைத்துக்கொள்ள, இடுப்பில் கட்டும் துணிப்பை ஒன்று நானே தைத்துக் கொடுத்தேன். இவர் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. "உது வெளியில தள்ளிக்கொண்டு நிக்கும். ரெண்டு பாஸ்போட்டும் என்னட்டப் பத்திரமா இருக்கு. நீர் பேசாம வாரும்" என்றார். எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றினார். அங்கேயே எனக்குப் பாதிக் கோபம் வந்துவிட்டது.

ஆனால் அந்தக் கால்வாய் ஊரைக் கண்டதும் கோபம் போய்விட்டது. சூசோ நகரத்திலிருந்து பஸ்ஸில் போகும் தூரம். நம்மூரில் வீட்டுக்கு முன்னால் ஒழுங்கை ஓடுவதுபோல அங்கே வீட்டுக்கு முன்னால் தண்ணீர் ஓடியது. வளைந்த கல்பாலங்கள், பாசி பிடித்த சுவர்கள், படியில் குந்தியிருந்து கீரை அலம்பும் பெண்கள், நின்றபடியே துடுப்பு வலிக்கும் படகுக்காரர்கள். இவர் சின்னப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு பாலமாக ஏறி இறங்கினார். லேசாக நொண்டினார். புதுச் சப்பாத்து கடிக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

ஒரு பாலத்தடியில் சின்னக் கோயில் ஒன்று இருந்தது. உள்ளே ஊதுபத்திப் புகை. எங்கள் குழுவில் எல்லாரும் சப்பாத்தோடேயே உள்ளே போனார்கள். அங்கே அதுதான் வழக்கம். ஆனால் கோயில் என்று தெரிந்தபின் எங்களுக்குக் கால் வருமா? ஒருவரையொருவர் கேட்காமலேயே இருவரும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போனோம். உள்ளே நிற்கும்போது ஓட்டுக் கூரையில் மழை சோவென்று கொட்டத் தொடங்கியது. விட்டதும் வெளியே வந்தோம். வாசலில் சப்பாத்துகள் இல்லை. இவருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை.

"போனாப் போகட்டும், வாங்கோ. வேற வாங்குவம்" என்றேன்.

இவர் அசையவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது.

"சப்பாத்து கிடக்கட்டுமப்பா... பாஸ்போட் ரெண்டும் அதுக்குள்ளதான்."

உள்ளே கிடக்கும் அடித்தோலைக் கிளப்பி, பிளாஸ்ரிக் உறையில் சுற்றி, வலது சப்பாத்துக்குள் தன்னுடையதையும் இடதுக்குள் என்னுடையதையும் வைத்திருக்கிறார். அதற்காகவே ஒரு சைஸ் பெரிதாக வாங்கியிருக்கிறார். "ஊரால வெளிக்கிடேக்க முக்கியமான கடதாசியெல்லாம் சப்பாத்துக்குள்ள வச்சுத்தான் கொண்டந்தனான். ஒரு செக்பொயின்ரிலயும் பிடிபடேல்லை" என்றார்.

"இஞ்ச ஆரப்பா உங்களைப் பிடிக்க வந்தது?" என்று நான் கத்திய கத்தில் படகுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

நாட்டையே காலடியில் வைத்து மிதித்துக்கொண்டு நடந்த மனிதர், கோயிலுக்குள் சப்பாத்தோடு போனால் பாவம் என்று கழற்றி வைத்திருக்கிறார்! அவரைத் திட்டத் திட்ட, பிள்ளைகளின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. இந்த நாட்டில் நாங்கள் யார் என்று சொல்ல எங்களிடம் இனி ஒரு துண்டுக் கடதாசி இல்லை. எப்போது வீடு போவோம்?

ஈரச் சொக்ஸோடு பஸ்ஸடிக்கு ஓடி, வழிகாட்டியிடம் சொன்னோம். ரொறன்ரோவிலிருந்து எங்களைக் கூட்டி வந்தவர் அவர். கோயில் வாசலில் ஏன் சப்பாத்தைக் கழற்றினீர்கள் என்று கேட்டுச் சிரித்தார். பிறகு, பஸ் கனநேரம் காத்திருக்காது, வேண்டுமென்றால் நீங்கள் இங்கேயே நின்று பொலிசுக்குப் போங்கள் என்றார்.

அப்போதுதான் எங்கள் குழுவில் இருந்த ஒரு கனவான் வாயைத் திறந்தார். அவரும் ரொறன்ரோக்காரர், வெள்ளைக்காரர், ஓய்வுபெற்றவர். காலையில் எனக்கு ஜன்னலோர இருக்கையை விட்டுத் தந்த நல்ல மனிதர். அவர் குரலை உயர்த்தவேயில்லை. "இவர்களிடம் உண்மையிலேயே கனடியக் கடவுச்சீட்டுத்தான் இருந்ததா என்று முதலில் விசாரியுங்கள்" என்று மிக மரியாதையாகச் சொன்னார். எங்களிடம் அல்ல. எங்களை முன்னால் வைத்துக்கொண்டு வழிகாட்டியிடம் சொன்னார்.

ரொறன்ரோ விமான நிலையத்தில் எங்கள் கடவுச்சீட்டுகளைத் தன் கையால் வாங்கிப் புரட்டிப் பார்த்துத் திருப்பித் தந்தவர் இந்த வழிகாட்டிதான். "இருந்தது, நான் பார்த்தேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார்.

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், அழுதால் அந்த மனிதர் சொன்னது உண்மை மாதிரி ஆகிவிடும். இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பக் கோயிலடிக்கு நடந்தேன்.

கால்வாய்க் கரையில் வீடு வீடாகப் போனேன். பாஷை தெரியாது. கதவடியில் நின்று ஒரு காலைத் தூக்கி ஈரச் சொக்ஸைக் காட்டுவேன், பிறகு கோயிலைக் காட்டுவேன். சில பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும், எனக்கு வெட்கம் பார்க்க நேரமில்லை. கடைசியில் ஒரு பெண், அட, இவர்கள்தானா என்பதுபோலத் தலையில் தட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்துக் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே அடுப்படியில் எங்கள் சப்பாத்துகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அடித்தோல்கள் தனியாகக் காய்ந்தன. கடவுச்சீட்டுகள் இரண்டும் உயரத் தட்டில், உலர்ந்த துணியில் சுற்றி இருந்தன. மழையில் நனைகிறதே என்று எடுத்து வந்திருக்கிறார் அந்த வீட்டு அம்மா. என்னுடைய வயதுதான் இருக்கும். எங்களைக் கண்டதும் திட்டத் தொடங்கினார் பாருங்கள்! வானத்தைக் காட்டித் திட்டு, சப்பாத்தைக் காட்டித் திட்டு, கடவுச்சீட்டை எடுத்து அதன்மேல் விரலால் தட்டித் தட்டி இவருக்குத் தனியாகத் திட்டு. ஒரு சொல்லும் விளங்கவில்லை, எல்லாம் விளங்கியது. நான் திட்டாமல் விட்ட மிச்சத்தையும் அவரே திட்டி முடித்தார். பிறகு கால் துடைக்க ஒரு துவாய் எறிந்தார், குடிக்கச் சுடுதண்ணீர் தந்தார், கடவுச்சீட்டுகளை இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் நீட்டினார். எனக்குத்தான் தந்தார், இவருக்கல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வந்தேன்.

பஸ் இன்னும் நின்றது. எங்களுக்காக அல்ல, மழையால் வேறு சிலரும் பிந்திவிட்டார்களாம். இவர் என்னிடமிருந்து தன் கடவுச்சீட்டை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஏறினார். அந்தக் கனவான் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். "ஓ, கிடைத்துவிட்டதா? நான் பார்க்கலாமா?" என்று கையை நீட்டினார்.

அந்த நிமிஷத்தை என்னால் மறக்க முடியவில்லை. இவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்விட்டது. ஊரில் ஆமிக்காரன் கேட்டதும் அடையாள அட்டையை எடுத்து நீட்டுவோமே, அதே வேகம். முகத்தில் அதே பணிவு. நான் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பஸ் முழுக்கக் கேட்க, "முதலில் உங்களுடையதைக் காட்டுங்கள்" என்றேன்.

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "என்னுடையதா? அது ஓட்டலில், பெட்டிக்குள் எங்கேயோ கிடக்கும்" என்றார்.

பெட்டிக்குள் எங்கேயோ! அவர் கடவுச்சீட்டு இல்லாமல் நாள் முழுக்க அந்நிய ஊரில் திரிந்திருக்கிறார், அதை ஒருவரும் கேட்கவில்லை, அவருக்கும் நினைவில்லை. சப்பாத்துக்குள் வைத்து நொண்டி நொண்டி நடந்தவரிடம்தான் கேள்வி.

இப்போதும் ரொறன்ரோப் பக்கம் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனால், இவர் சப்பாத்தைக் கழற்றும்போது, "உள்ளுக்கு ஒண்டும் இல்லைத்தானே?" என்று நாலு பேர் கேட்கக் கேட்பேன். இவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சீனத்து அம்மாவின் திட்டை நினைத்தால் எனக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனால் பஸ்ஸில் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. யாராவது மரியாதையாகக் கையை நீட்டினால் இவர் கை சட்டைப்பைக்குப் போகும் வேகம் குறையும்வரை அது ஆறவும் வேண்டாம்.