ஊரில் மிச்சமிருந்த ஒரே விண்டோஸ் பெட்டி

ரெய்னோ லாஹ்டிக்கு நாற்பத்தாறு வயது. மிச்சிகனின் வடகோடியில் டோவர் லேக் என்கிற சின்ன ஊர். அங்கே குடிநீர் நிலையத்தில் ஆறு வருஷமாக உதவியாள். நல்ல மனுஷன்தான். ஒரே ஒரு வியாதி, லினக்ஸ்; விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் இலவசமாகப் போட்டுக்கொள்கிற சமாச்சாரம். மற்றவர்கள் பிள்ளைகளின் போட்டோவைக் காட்டுகிற இடத்தில் இவன் தன் கணினித் திரையைக் காட்டுவான். "வைரஸ் கிடையாது, ஒருத்தனும் உளவு பார்க்க முடியாது" என்பான். "அதுல என்னென்ன ஓடாது?" என்று கேட்டால் மட்டும் காது கேட்காது.

நவம்பரோடு நிலையத்தின் தலைமை ஆள் ஓய்வு பெறுகிறார். ரெய்னோ உரிமத் தேர்வில் தேறினால் அந்த இடம் அவனுக்கு. வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம். கடைசி நாள் நவம்பர் பதினைந்து, மாலை ஐந்து மணி. தவறவிட்டால் அடுத்த தேர்வு வசந்தத்தில்தான். அதற்குள் வெளியூர்க்காரன் யாராவது வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான்.

பம்பு, குளோரின், குழாய் எல்லாம் ரெய்னோவுக்கு அத்துப்படி. ஆனால் தேர்வு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்று அறிவிப்பின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

புத்தியுள்ளவன் அன்றைக்கே ஒரு பெட்டியை இரவல் வாங்கியிருப்பான். பதினைந்து வருஷம் ஊர்முழுக்கப் பெருமையடித்த வாயை வைத்துக்கொண்டு ரெய்னோ எப்படி இரவல் கேட்பான்? கையில் மூன்று வாரம் இருந்தது. ஓடவைத்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தான்.

முதலில் விண்டோஸ் மாதிரி நடிக்கிற ஒரு கருவியைப் போட்டுப் பார்த்தான். மென்பொருள் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. அடுத்து, தன் கணினிக்குள்ளேயே ஒரு போலி விண்டோஸ் கணினியை உருவாக்கினான். மென்பொருள் திறந்தது, நாலா பக்கமும் மோப்பம் பிடித்தது, 'இது நிஜக் கணினி அல்ல' என்று எழுதிவிட்டு மூடிக்கொண்டது. போலிக்கு ஒட்டுமீசை வைத்து நிஜம்போல் ஆக்க ஒன்பது நாள் போனது. மீசையையும் அது கண்டுபிடித்தது.

இணையத்தில் தன் கூட்டத்தாரிடம் கேட்டான். ஒருவர், "எனக்கு ஓடுதே" என்றார். எப்படி என்று சொல்லவில்லை. இன்னொருவர், இப்படிப்பட்ட தேர்வை எழுதுவதே கொள்கைக்கு விரோதம் என்றார். மூன்றாமவர், "நீ எந்த லினக்ஸ் வச்சிருக்க?" என்று கேட்டார். ரெய்னோ சொன்னான். அவ்வளவுதான். அந்த லினக்ஸ் உசத்தியா, இந்த லினக்ஸ் உசத்தியா என்று நாலு பக்கத்துக்குச் சண்டை. ரெய்னோவும் அதில் புகுந்து இரண்டு நாள் சண்டை போட்டான். ஜெயித்தும் விட்டான். பரீட்சைதான் அப்படியே நின்றது.

பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்குக் கையைத் தூக்கினான். அன்றைக்கென்று பார்த்து மான் வேட்டை தொடங்கும் நாள். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. எழுபது மைலுக்கு அப்பாலுள்ள தேர்வு மையத்துக்கும் விடுமுறை. ஆண்கள் எல்லோரும் காட்டில். காலை ஒடித்துக்கொண்டதால் காட்டுக்குப் போகாத நூலகர் டேல் ப்ரூயிட் மட்டும் நூலகத்தைத் திறந்து வைத்திருந்தார்.

"டேல், அவசரம். உங்க கணினி ஒண்ணுல ரெண்டு மணி நேரம் உட்காரணும்."

"ஆறு இருக்கு. எதுல வேணாலும் உட்காருப்பா."

ரெய்னோ உட்கார்ந்தான். திரை மலர்ந்தது. தன் கையால் தானே வைத்த படம் அவனைப் பார்த்துச் சிரித்தது.

"ஐயோ."

"என்னப்பா ஐயோ? போன வருஷம் நீதானே பென்டிரைவோட வந்து ஆறையும் மாத்திட்டுப் போன? சும்மா சொல்லக்கூடாது, பறக்குது."

ரெய்னோ கண்ணை மூடி ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான். தேவாலயக் கூடம், மாற்றியாகிவிட்டது. தீயணைப்பு நிலையம், பௌலிங் கூடம், ஊர்சபை ஆபீஸ், எல்லாம் மாற்றியாகிவிட்டது. வீடு வீடாகப் போய் இலவசமாக மாற்றியிருந்தான். இந்த ஊரில் விண்டோஸை ஒழித்த புண்ணியவானுக்கு இப்போது ஒரு விண்டோஸ் வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு," என்றார் டேல் மெதுவாக.

"சொல்லாதீங்க."

"வெர்னா கடையில."

வெர்னா கொஸ்கெலா அழகு நிலையம் வைத்திருப்பவள். ரெய்னோவோடு ஒன்றாகப் படித்தவள். அவன் பென்டிரைவோடு வந்த அன்று தலைக்கு அடிக்கிற ஸ்பிரேயை முகத்துக்கு நேரே நீட்டி வாசலிலேயே திருப்பியனுப்பியவள். அன்றிலிருந்து அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம், "உன் பெட்டி இன்னும் மூச்சு விடுதா?" என்று கத்திவிட்டுத்தான் போவான்.

தெருவில் பலமுறை முன்னும் பின்னும் நடந்து தயங்கிவிட்டுக் கடைக்குள் நுழைந்தபோது மணி இரண்டு. புருஷன்கள் காட்டுக்குப் போகிற நாள் பெண்களுக்குத் திருநாள். ஒன்பது பேர் தலையில் சாயமும் சுருளுமாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் தாண்டிக் கேட்டது ஐலியின் குரல். அது ஏரிக்கு அந்தப் பக்கமும் கேட்கும்.

ரெய்னோ நடந்ததைச் சொன்னான். வெர்னா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அதாவது, ராசா, உங்க லினக்ஸ் ராக்கெட் ஓடல. என் நோஞ்சான் பெட்டி வேணும்."

"வேணும்."

"கெஞ்சு."

"கெஞ்சுறேன் வெர்னா."

அவள் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த கணினியைத் திருப்பி வைத்தாள். மென்பொருள் அலுங்காமல் குலுங்காமல் திறந்தது. மூன்று வாரம் முட்டிமோதிய ரெய்னோவுக்கு அதைப் பார்க்கவே வயிறு எரிந்தது. பிறகு விதிகள் வந்தன. கேமரா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மைக் கேட்டுக்கொண்டே இருக்கும். வேறு மனிதக் குரல் கேட்டால் தேர்வு ரத்து.

ரெய்னோ திரும்பி ஒன்பது பெண்களையும் பார்த்தான். அவன் எழுந்துவிட்டான்.

"எங்க போற?" என்றாள் வெர்னா.

"இது நடக்காது. உங்க நாளை நான் கெடுக்கக்கூடாது."

"உட்காருடா. நாளைக்கு எவனோ ஒரு வெளியூர்க்காரன் கையால வர்ற தண்ணியையா நாங்க குடிக்கணும்?" என்றாள் ஐலி. "ரெண்டு மணி நேரம்தானே. என்னால முடியும்."

"உன்னால ரெண்டு நிமிஷம் முடியாது," என்றாள் வெர்னா.

"பந்தயமா?"

வெர்னா கதவைப் பூட்டினாள், தொலைபேசியின் வயரைப் பிடுங்கினாள், விரலை உதட்டில் வைத்தாள். தேர்வு தொடங்கியது.

அப்படியொரு அமைதியை அந்தக் கடை கண்டதில்லை. முடி உலர்த்தும் எந்திரங்கள் மட்டும் உர்ரென்று ஓடின. பெண்கள் கையால் பேசினார்கள், புருவத்தால் வம்பளந்தார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்கமுடியாமல் துண்டை வாயில் திணித்துக்கொண்டாள். ஐலிக்குப் பேச்சு தொண்டைவரை வரும்போதெல்லாம் பையிலிருந்து இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டி ஒன்றை எடுத்துக் கடித்தாள். மூன்றாவது பேஸ்டி தீர்ந்தபோது தலையில் சாயம் காந்துகிறது என்று கையை ஆட்டினாள். வெர்னா அதைச் சும்மா டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்து, பதிலுக்குக் கையை ஆட்டினாள்.

நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு ரெய்னோ கடைசிக் கேள்வியை முடித்தான். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. ஒன்பது தலைகள் அவனுக்குப் பின்னால் வந்து நின்றன, மூச்சுவிடாமல்.

எழுபத்தெட்டு. எழுபது எடுத்தால் போதும்.

மென்பொருள் மூடியதுதான் தாமதம், இரண்டு மணி நேரத்துப் பேச்சு ஒன்றாக வெடித்தது. யாரோ ரெய்னோவைக் கட்டிப்பிடித்தார்கள், அவன் சட்டையெல்லாம் சாயம். அவன் கண் கலங்கியதற்கு அந்தச் சாய நெடிதான் காரணம் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டான்.

"என் தலை!" என்று அலறினாள் ஐலி. கண்ணாடியில் பார்த்தால், பழுப்பு கேட்ட தலை பளீரென்ற ஆரஞ்சு. வேட்டைக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுவிடாமலிருக்கப் போட்டுக்கொள்கிற சட்டை நிறம்.

"பரவாயில்ல," என்றாள் ஐலி. "இனிமே என்னைய மான்னு நெனச்சு எவனும் சுடமாட்டான். பந்தயத்துல ஜெயிச்சேனா இல்லையா?"

ஜெயித்தாள் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வெர்னா இடுப்பில் கைவைத்து ரெய்னோவின் பக்கம் திரும்பினாள்.

"சரி, சொல்லு."

"என்னத்த?"

"தெரியாத மாதிரி நடிக்காத."

ரெய்னோ தரையைப் பார்த்தான். "உன் பெட்டி... நல்ல பெட்டி."

"சத்தமாச் சொல்லு ராசா. ஒருத்தி இன்னும் எந்திரத்துக்கு அடியில உட்கார்ந்திருக்கா, அவளுக்குக் கேக்கல."

அவன் எழுந்து நின்று, ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி சொன்னான்.