மழையைத் தள்ளிவைத்த ஊர்

சண்முகத்தாய்க்கு ஊரில் ஒருத்தரையும் பிடிக்காது. "பாசிப்பயறு எது, உளுந்து எதுன்னு தெரியாத சனம். இதுக்குப் பேரு ஊராம்!" என்று முகத்துக்கு நேராகவே சொல்லுவாள். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஊரில் ஒரு காலத்தில் எல்லோருமே கூலிக்குக் களை எடுத்தவர்கள்தான். சோளத்தை மரக்காலில் அளந்து போட முந்தியில் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். இப்போது காலை ஏழு மணிக்குப் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து வீடு வீடாக அள்ளிக்கொண்டு போகிறது; சனிக்கிழமை ஆனால் சம்பளம். விதைத்துக்கொண்டிருந்தது இவள் ஒருத்திதான். புருஷன் சங்கிலிமுத்து செத்த பிறகும் ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் கரிசலை விற்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அவளுடைய ஆத்தா பேச்சோடு பேச்சாக மழையையும் சொல்லிக்கொடுத்து வளர்த்திருந்தாள். தூறல் எது, உழவு மழை எது, மின்னிவிட்டு ஏமாற்றுகிற மேகம் எது என்று நிமிர்ந்து பார்த்தே சண்முகத்தாய் சொல்லிவிடுவாள். மகள் மாரிசெல்விக்கு அந்த வித்தையில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. சாட்டை, சக்கரம், புஸ்வாணம், சரம் என்று வெடியில் நாற்பது பெயர் சொல்லுவாள். மழைக்கு மட்டும் அவளிடம் ஒரே பெயர், லீவு. வெளியூர்ச் சொந்தம் வந்தால் "உங்க பக்கம் மழை உண்டா?" என்று இன்றைக்கும் கேட்கிற ஊர்தான். ஆனால் 'இல்லை' என்று பதில் வந்தால்தான் முகத்தில் சிரிப்பு வருகிறது. தூ!

2007 புரட்டாசியில் மாரியம்மன் பொங்கலுக்கு நாள் குறிக்க ஊர் கூடியது. மழை கேட்டு முளைப்பாரி எடுக்கிற பொங்கல் அது. நாட்டாமை பெத்தணன் தொண்டையைச் செருமினார்.

"முளைப்பாரி எடுத்தா மழை வந்துரும். கம்பெனியில அம்புட்டு சரக்கும் வெயில்லதான் காயுது. பொங்கலத் தீவாளி களிச்சு வச்சுக்கிருவோம்."

கூட்டம் தலையை ஆட்டியது.

"மாரியாத்தாகிட்டயே மழையத் தள்ளிவைக்கச் சொல்றீக," என்று சண்முகத்தாய் எழுந்தாள். "அவளுக்கு வேற என்ன வேல தெரியும்னு நெனச்சீக? சாமிக்கும் சீசன் வச்சிட்டீகளாக்கும்!"

"உளுதவன் கணக்குப் பாத்தா உளக்கும் மிஞ்சாது மதினி. உங்க ஒன்றர ஏக்கருக்கு ஊரு பட்டினி கெடக்கணுமா?" என்றார் பெத்தணன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்துவிட்டாள்.

புரட்டாசிக் கடைசியில் எப்படியோ ஒரு மழை விழுந்தது. அதை நம்பி உளுந்து விதைத்தாள். முளைத்து இரண்டு இலை விட்டது. அதற்குப் பிறகு வானம் வாயைத் திறக்கவில்லை. இன்னும் பத்து நாளில் ஒரு மழை இல்லையென்றால் எல்லாம் சருகு. விதைத்த செலவில் வீட்டுப் பானையும் காலி. வேறு வழியில்லாமல் மகளோடு அவளும் வேனில் ஏறினாள். 'சீசன் முடியிற மட்டுந்தான், நான் ஒண்ணும் இதுக கூட்டமில்ல' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேனில்கூட யாரோடும் ஒட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்காருவாள்.

தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது, நடுப்பகலில், கிழக்கே மேகம் திரண்டது. ஒரே பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது: உழவு மழை. உளுந்து பிழைத்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து போர்மேன் காளீஸ்வரன் கத்தினான்.

"தார்ப்பாயப் போடுங்க! நனைஞ்சது கூலிக் கணக்குல வராது!"

வெளியே மேடையில் அவளும் மாரிசெல்வியும் காலையிலிருந்து செய்த புஸ்வாணம் முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் முந்தி ஓடியவள் சண்முகத்தாய்தான். தார்ப்பாயை இழுத்துக்கொண்டே, "நாசமாப் போற மழை, இப்பந்தான் வந்து தொலையணுமா!" என்று வானத்தைப் பார்த்து ஏசினாள்.

நாலு துளி விழுந்தது. பிறகு காற்று திரும்பி, மேகம் சாத்தூர்ப் பக்கமாக நகர்ந்துவிட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது.

"அப்பாடா!"

அத்தனை பேரிலும் சத்தமாகச் சொன்னது அவள்தான். மாரிசெல்வி திரும்பி ஆத்தாவைப் பார்த்தாள். கேலியாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவளும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள். அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டே நின்றது. சண்முகத்தாய்க்கு உடம்பெல்லாம் கூசியது. வாழ்நாளில் முதல் தடவையாக, போகிற மழையைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டிருந்தாள்.

"என்னடி பார்வை?" என்றாள். "தார்ப்பாய எடு. வெயில் வீணாப் போகுதுல்ல."